கெட்டுப் போனால் எங்கே கொண்டுபோவது?

வீட்டுக்கு ஒரு கணினி வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், சுற்றியிருக்கும் எல்லாரும் நிபுணர்களாகிவிடுவார்கள். 16 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்து வாங்காதே என்பார் ஒருவர். மடிக்கணினிதான் வசதி என்பார் இன்னொருவர். எங்கள் வானொலி நிலையத்தில் நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த நண்பர் ஒரு தாளில் மூன்று மாடல்களின் பெயரை எழுதியே கொடுத்துவிட்டார். எதை வாங்குவது என்பதற்கு இப்படிப் பல பதில்கள் கிடைத்தன. எங்கே வாங்குவது என்று கேட்டால் மட்டும், "எங்க மலிவோ அங்க" என்ற ஒரே பதில்தான்.

எங்கள் வீட்டில் அந்தப் பதில் எடுபடவில்லை. கணினி வாங்கப்போவது அம்மா. பணமும் அம்மாவுடையது.

அம்மாவுக்கு 66 வயது. அப்பா மறைந்த பிறகு பொத்தோங் பாசிர் வீட்டில் தனியாக இருக்கிறார். அண்ணன் குடும்பம் பக்கத்து புளோக்கில். நான் பொங்கோலில். அண்ணன் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். பள்ளி விட்டதும் நேராகப் பாட்டி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மாணவர் கற்றல் தளத்தில் ஆசிரியர் போட்டிருக்கும் பாடத்தை அங்கே இருக்கும் கணினியில்தான் செய்வான். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கொரு கற்றல் சாதனம் வந்துவிட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னமும் வீட்டுக் கணினிதான் துணை.

பேரன் எழுந்ததும் அந்த நாற்காலி அம்மாவுடையது. தீபாவளி நெருங்கினால் அம்மா முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை செய்து விற்பார். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை எக்செல் பட்டியலில் ஏற்றுவார். யாருக்கு எத்தனை டப்பா, யார் பணம் கட்டிவிட்டார், யார் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதியவரை நான்தான் கணினிக்கு மாற்றினேன். இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறார்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. அம்மாவின் கணினிக்கு ஒன்பது வயது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி அதில் இல்லை. செயலியும் பழையது. கணினி நின்றுபோகாது, ஓடும். புதிய பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. ஓராண்டு நீட்டித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஆனால் வங்கிக் கணக்கை அதே கணினியில் பார்க்கிறவருக்கு, அதுவும் மோசடிச் செய்தி இல்லாமல் நாள் போகாத இந்தக் காலத்தில், அந்த ஓராண்டு எதற்கு என்று தோன்றியது.

பலகாரக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஓர் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே 1,000 வெள்ளி. "இது என் காசு. நான்தான் வாங்குவேன். நீ கூட மட்டும் வா."

எங்கெங்கே போகலாம் என்று நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கெட்டுப் போச்சுன்னா எங்க கொண்டு போறது? நீ காலையில ரேடியோவுல பேசிக்கிட்டு இருப்ப. உங்க அண்ணன் துவாஸ்ல இருப்பான்."

நியாயமான கேள்வி. காலை ஆறிலிருந்து பத்து வரை நான் நிலையத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பேன். கைப்பேசி மௌனமாகக் கிடக்கும். பழைய கணினி மக்கர் செய்த நாள்களில் அம்மா செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். நான் பத்தரைக்கு அழைத்து, "மேல வலது பக்கம் இருக்கிறதை அழுத்துங்கம்மா" என்பேன். "எதும்மா, சின்னதா, பெருசா?" என்பார். இப்படியே அரை மணி நேரம் போகும். கடைசியில் "சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று முடியும். சனிக்கிழமைவரை பேரனின் பாடமும் அம்மாவின் பட்டியலும் அப்படியே நிற்கும்.

ஆகவே போகும் இடமெல்லாம் அம்மாவின் அந்தக் கேள்வியையே கேட்பது என்று முடிவு செய்தோம். கேள்வி கேட்பது என் தொழில். பல ஆண்டுகளாகப் பேட்டி எடுத்துப் பழகியதில் ஒன்று தெரியும். பதில் தெரிந்தவர் ஒரு கணம் யோசிப்பார், அல்லது பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். தெரியாதவர்தான் நாம் கேட்டு முடிக்கும் முன்பே பேசத் தொடங்குவார்.

முதலில் ஒரு கடைத்தொகுதியில் இருந்த பெரிய மின்னியல் கடைக்குப் போனோம். இப்படிப்பட்ட கடைகளின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். விலை ஒட்டியிருக்கும், பேரம் பேச வேண்டியதில்லை. வட்டியில்லாத் தவணை உண்டு. ஒரு கிளை மூடினாலும் இன்னொரு கிளை இருக்கும். அங்கே திரையோடு சேர்ந்த கணினி ஒன்று 1,299 வெள்ளி. இளைஞர் ஒருவர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். ஆனால் விளக்கியது என்னிடம். உறையைக் கையில் வைத்திருந்த அம்மா பக்கம் அவர் திரும்பவே இல்லை. "எட்டாவது மாதத்தில் கெட்டுப் போனால் எங்கே கொண்டுவர வேண்டும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. இங்கே கொண்டுவரத் தேவையில்லை, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஓர் அட்டையைத் தந்தார். கூடவே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுக்கு நீட்டிக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா அட்டையை என்னிடம் நீட்டினார். "ஆங்கிலத்துக்கு ஒண்ணை அழுத்து, அதுக்கு ரெண்டை அழுத்துன்னு சொல்லுமே, அந்த நம்பர்தானே?"

அன்று இரவு இணையத்தில் தேடினோம். கிட்டத்தட்ட அம்மாவுக்குத் தேவையான அளவிலேயே ஒரு சிறு கணினி 690 வெள்ளிக்குக் கிடைத்தது. திரையும் விசைப்பலகையும் பழையவையே போதும் என்பதால் பெட்டி மட்டும் வாங்கினால் போதும். விலை மனதை இழுத்தது உண்மை. விற்பனையாளருக்கு அரட்டைப் பெட்டியில் அதே கேள்வியை அனுப்பினேன். ஓராண்டு உத்தரவாதம் உண்டு, பழுதானால் திருப்பி அனுப்புங்கள், அனுப்பும் செலவு உங்களுடையது என்று பதில் வந்தது. முகவரி வெளிநாட்டில் இருந்தது. மின்னூட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்கப்பூரில் விற்கப்படும் இத்தகைய மின் பொருள்களில் இருக்க வேண்டிய பாதுகாப்பு முத்திரை அதில் இல்லை. இணையத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதே தளங்களில் உள்ளூர் நிறுவனங்களும், தயாரிப்பாளர்களே நடத்தும் அதிகாரபூர்வக் கடைகளும் இருக்கின்றன. விற்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், உத்தரவாதம் உள்ளூரில் செல்லுமா என்ற இரண்டையும் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதுதான்.

கண்காட்சிக்குக் காத்திருக்கலாமே என்றார் அண்ணன். மார்ச் ஐடி ஷோ, செப்டம்பரை ஒட்டி வரும் காமெக்ஸ் என்று ஒரு காலத்தில் குடும்பத்தோடு போய், பை நிறைய இலவசப் பொருளோடு வந்தவர்கள் நாங்கள். விலை குறையும்தான். ஆனால் நான்கு நாள் கழித்து அந்தச் சாவடி இருந்த இடத்தில் எதுவும் இருக்காது. அங்கே விற்றவரின் கடை வழக்கமாக எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டால்தான் அது பயன்படும்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர், பொருள் பழுதானால் அது தயாரித்த நிறுவனத்தின் பொறுப்பு என்றே நினைக்கிறோம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் 'லெமன்' சட்ட விதிகள் விற்றவரையே பொறுப்பாக்குகின்றன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். அவர் பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வழி உண்டு. ஒரு வர்த்தகரிடம் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனிமனிதர் ஒருவர் தம் பழைய கணினியை இணையத்தில் விற்றால் பொருந்தாது.

கடைக்காரர் மறுத்தால் 'கேஸ்' என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 2019 முதல் அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

விற்றவரே பொறுப்பு என்றால், அவரை நாம் எட்ட முடிய வேண்டும். எங்கே வாங்குவது என்பது விலையோடு முடிந்துவிடாத கேள்வி என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

மறு சனிக்கிழமை அம்மா தேக்கா ஈரச்சந்தைக்குக் கிளம்பினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு மீனும் தேங்காயும் கீரையும் தேக்காவில்தான். பொத்தோங் பாசிரிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் மூன்றே நிறுத்தம். நானும் கூடப் போனேன். காப்பி குடிக்கும்போது, "இங்கேருந்து சிம் லிம் நடந்தே போயிடலாமே" என்றார்.

சிம் லிம் ஸ்குவேர் என்றதும் நம் தலைமுறைக்கு 2014 நவம்பரில் பரவிய காணொளி நினைவுக்கு வரும். கைப்பேசி வாங்க வந்த வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவர், பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்காரர் முன் மண்டியிட்டு அழுத காட்சி. கைப்பேசிக்கு 950 வெள்ளி வாங்கிவிட்டு, உத்தரவாதத்துக்கு மேலும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கடையின் உரிமையாளருக்கு 33 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நம்பிக்கை தர வேண்டிய சொல்லான உத்தரவாதத்தை வைத்தே ஏமாற்றியிருந்தார்கள். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "தேக்காவுல கூட எடை குறைச்சுப் போடுறவன் இருக்கான். அதுக்காக மீன் வாங்காம இருக்கோமா?" என்றார்.

1987இல் எழுந்த கட்டடம் அது. மாடிக்கு மாடி சிறு சிறு கடைகள். கீழ்த்தளத்தில் ஒரு கடையில் கேட்டோம். "புத்தம் புது செட், ஒரு பிரச்சினையும் வராது" என்று கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறினோம். மேல் மாடிகளில் கணினியைப் பாகம் பாகமாகப் பொருத்தித் தரும் கடைகள் அதிகம். சுவரில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் விலை போட்டிருக்கும். அப்படி ஒரு கடையில் அறுபதைத் தாண்டிய சீனர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியவர், அம்மாவைப் பார்த்ததும் மலாய்க்கு மாறினார். "சியாப்பா பாக்காய்?" யார் பயன்படுத்தப் போவது என்றார்.

"சாயா," என்றார் அம்மா. நான்தான்.

அதன்பிறகு அந்த உரையாடலில் எனக்கு வேலை இல்லை. அம்மாவின் தலைமுறைக்கு மலாய்தான் சந்தை மொழி. மீன்காரரோடும் காய்கறிக்காரரோடும் பேசிய அதே மலாயில் எக்செல்லையும் பேரனின் பாடத்தையும் விளக்கினார். எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள், விளையாட்டு உண்டா, திரை எத்தனை அங்குலம் என்று அவர் கேட்டார். நல்ல திரையை எதற்கு மாற்ற வேண்டும், பெட்டி மட்டும் போதும் என்றார். 820 வெள்ளி சொன்னார். அம்மா 780 கேட்டார். 800க்கு முடிந்தது. பழைய கணினியில் இருக்கும் படங்களையும் கணக்குகளையும் புதியதற்கு மாற்றித் தருவதும் அதில் சேர்த்தி.

கடைசியில் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். "காலாவ் ரோசாக்?" கெட்டுப் போனால்?

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "பாவா சினி" என்றார். இங்கே கொண்டு வாங்க. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், நான் இருக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ரசீது எழுதும்போது, யார் பெயர் போடுவது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு பாகத்தின் பெயரும், தொடர் எண்ணும், எதற்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதும் ரசீதில் வந்தன. விண்டோஸ் உரிமத்தின் விலையும் தனி வரியில் இருந்தது. மொத்தத் தொகையை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே அம்மா உறையைத் திறந்தார்.

இணைய விலையைவிட 110 வெள்ளி அதிகம். 110 வெள்ளி என்பது அம்மாவுக்குப் பல டப்பா முறுக்கு. எத்தனை நாள் அடுப்புக்கு முன்னால் நின்ற காசு என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில், "அதிகமா கொடுத்துட்டோமாம்மா?" என்று கேட்டேன். "உன்னைக் கேக்காம இருக்குறதுக்குக் கொடுத்த காசு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. எத்தனை சனிக்கிழமை அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆறாவது வாரம் ஒரு நாள் காலை எட்டரைக்கு அம்மாவிடமிருந்து செய்தி. "கம்ப்யூட்டர்ல படம் வரல. தேக்கா போறேன்." பத்து மணிக்கு நிலையத்தைவிட்டு வெளியே வந்து அழைத்தால், அம்மா தேக்காவில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடை திறக்கப் பதினொரு மணி ஆகுமாம். சந்தைக்கு இழுத்துப் போகும் சக்கரப் பையில் கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். நான் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். பதினொன்றேகாலுக்கு ஒரு படம் வந்தது. பக்கவாட்டு மூடி திறந்த கணினி, அதன்மேல் குனிந்திருக்கும் கடைக்காரர். நினைவகப் பட்டை இடத்தைவிட்டுச் சற்று நழுவியிருந்ததாம். பேரன் மேசையை நகர்த்தியபோது இடித்திருக்கும். கழற்றி மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்று சாயங்காலம் பேரன் பாடத்தை முடித்துவிட்டான்.

எல்லாரும் சிம் லிம்முக்குத்தான் போக வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கணினியைத் தாமே திறந்து பார்க்கத் தெரிந்தவருக்கு இணைய விலையே லாபம். தவணையில்தான் வாங்க முடியும் என்ற குடும்பத்துக்குப் பெரிய கடைகள் உதவும். வருமானம் குறைந்த குடும்பங்கள் வாங்குவதற்கு முன்னால் 'டிஜிட்டல் அக்சஸ் அட் ஹோம்' திட்டத்தில் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கழிவு விலையில் கணினியும் இணையச் சேவையும் கிடைக்க அதில் வழியுண்டு. எங்கே வாங்கினாலும், உத்தரவாதம் தருவது கடையா தயாரிப்பாளரா, பழுதுபார்க்கும் இடத்தின் முகவரி என்ன, ரசீதில் தொடர் எண் இருக்கிறதா, அட்டையை நீட்டும் முன் மொத்தத் தொகை எழுதப்பட்டுவிட்டதா என்ற நான்கையும் கேட்டுவிடுங்கள். பெற்றோருக்காக வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் அவர்களால் அங்கே தனியாகப் போய், தங்களுக்குத் தெரிந்த மொழியில் பேசிவிட்டு வர முடியுமா என்று பாருங்கள்.

போன வாரம் ஈசூனில் இருக்கும் சித்தி அம்மாவை அழைத்தார். "அக்கா, எந்தக் கடையில வாங்கின? எனக்கும் ஒண்ணு வாங்கணும்."

அம்மா உடனே கடையின் பெயரைச் சொல்லவில்லை.

"நீ மார்க்கெட்டுக்கு எங்க போவ? அதை முதல்ல சொல்லு" என்றார்.